மடையில் வராத தண்ணீர்

நான் உருவாக்கிய மொழியில் மொத்தம் பன்னிரண்டு சொற்கள். அதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருடத்தில் நோட்டுகள் நாலாகிவிட்டன. சொற்கள் பன்னிரண்டுதான்.

கணினியில் ஆடும் வியூக விளையாட்டு ஒன்றுக்காக அதை எழுதினேன். ஒரே வாய்க்காலில் எட்டு ஊர்கள், ஊருக்கு ஓர் ஆட்டக்காரர். ஆற்றில் தண்ணீர் திறந்ததும் அது முதல் ஊரிலிருந்து எட்டாம் ஊர் வரை இறங்கி வரும். யார் எப்போது மடையைத் திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்பதுதான் ஆட்டம். பருவ முடிவில் யாருக்கு விளைச்சல் அதிகமோ அவருக்கு வெற்றி. ஆனால் ஆட்டக்காரர் மவுஸைப் பிடித்துத் தன் கையால் மடையைத் திறக்க முடியாது. தன் ஊர் எந்த நிலையில் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே நாலைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பிவிட வேண்டும். அந்த வரிகளுக்கான மொழி என் பொறுப்பு.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான மொழி. வாய்க்கால், மடை, வயல், வடிகால், நாள் என்று ஐந்து பெயர்கள். மேல், கீழ், என்றால் என்று நிபந்தனைக்கு மூன்று. திற, மூடு, மறி, விடு என்று நான்கு ஏவல்கள். ‘வாய்க்கால் 3க்குக் கீழ் என்றால் வாய்க்கால் மறி’ என்று எழுதினால், தண்ணீர் குறைந்த அன்று அந்த ஊர் வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சொல் ஒன்றும் தொடக்கத்தில் இருந்தது. நானே அதை ஒரு ஊருக்குத் தப்பாக எழுதிப் பார்த்தேன். அந்த ஊர் தன் மடையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்க, மற்ற ஏழு ஊருக்கும் பொழுதே விடியவில்லை. அன்றே அந்தச் சொல்லை நீக்கினேன்.

படங்களெல்லாம் என் தோழி வரைந்தவை. கல்லூரியில் நாலு வருடம் பக்கத்துப் பெஞ்சு. தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து இருவரும் வேலை செய்தோம். நான் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவள் முத்துப்பேட்டைக்காரி. விடுதியில் தங்கி, மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போவாள். விளையாட்டைச் சோதித்துப் பார்க்க எட்டு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் அவள் வேலை.

சோதனை தொடங்குமுன் நான் இரண்டு விதிகள் போட்டேன். முதலாவது, சொந்தக்காரர்கள் கூடாது. அவர்கள் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டாவது, யார் என்ன ஸ்கிரிப்ட் எழுதினார்கள் என்று நாங்கள் இருவரும் ஒருபோதும் திறந்து பார்க்க மாட்டோம். பார்ப்பார்கள் என்று தெரிந்தால் ஒருவரும் மனதில் உள்ள தந்திரத்தை எழுத மாட்டார்கள். இந்த இரண்டாவது விதியைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வாக்குறுதியாக அச்சடித்தோம். வாசகம் என்னுடையது.

மாலை ஆறு மணிக்குச் சர்வர் ஒரு முறை ஓடும். ஆட்டத்தில் பத்து நாள் நகரும். பன்னிரண்டு மாலையில் ஒரு பருவம் முடியும். முதல் பருவத்தில் எட்டாம் ஊர் ஜெயித்தது.

அது ஜெயிக்கக் கூடாத ஊர். கடைமடை. எல்லோரும் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால்தான் அதற்கு. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன், நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கான கடினமான இடம் என்று. முதல் முறை அதிர்ஷ்டம் என்று விட்டேன். இரண்டாம் பருவத்திலும் அதுவே ஜெயித்தபோது ஆட்ட அறிக்கையை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து நாள் நாளாகப் படித்தேன். அறிக்கையில் ஊருக்கு இரண்டு பத்திகள்: மடைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, வயலில் எவ்வளவு நிற்கிறது.

எட்டாம் ஊரில் முப்பத்தோராம் நாள் மடையில் பூஜ்யம். வயலில் இரண்டு. முப்பத்திரண்டாம் நாள் மடையில் பூஜ்யம். வயலில் மூன்று.

மடையில் வராத தண்ணீர் வயலில் எப்படி ஏறும்?

நோட்டில் எழுதினேன். ஒன்று, என் கணக்கில் பிழை. எட்டு ஊருக்கும் ஒரே கணக்குதான், மற்ற ஏழிலும் பிழை தெரியவில்லை. இரண்டு, வெளியாள் எவரோ சர்வருக்குள் புகுந்திருக்கிறார். பெயரில்லாத விளையாட்டுக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். மூன்று, சர்வரின் கடவுச்சொல் தெரிந்த யாரோ எண்ணை மாற்றுகிறார். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் மாற்றவில்லை.

மூன்றாவது வரியை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேஜையில் அவள் ஒரு நாரைக்குக் காலை நீளமாக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருட உழைப்பில் பாதி அவளுடையது. அவளை நம்ப முடியாதென்றால் விளையாட்டே இல்லை. அடுத்த மூன்று வாரமும் எனக்கு முன்னால் இருந்தது அவளை நம்பலாமா என்ற ஒரு கேள்விதான்.

"எட்டாம் ஊர்ல யாருடி ஆடுறது?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"யாரோ. க்ரூப்ல போட்டேன், வந்தாங்க."

"எந்த ஊராம்?"

"கேக்கலையே. ஏன், ஜெயிச்சதுக்கு மாலை போடப் போறியா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி அதிகமாக நீடித்ததாக எனக்குப் பட்டது. அதன்பிறகு எல்லாமே கண்ணில் படத் தொடங்கின. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறாள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போனை எடுத்துப் பார்க்கிறாள். நான் பின்னால் நடந்தால் மடிக்கணினியின் திரையைச் சற்றுச் சாய்க்கிறாள். அவள் எப்போதும் இப்படித்தானா, இப்போதுதானா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். தெரியவில்லை. நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை.

அந்த வாரம் சர்வரில் ஒரு சின்ன நிரலை வைத்தேன். எந்த ஃபோல்டரை யார் எத்தனை மணிக்குத் திறந்தாலும் ஒரு ஃபைலில் ஒரு வரி சேரும். அவளிடம் சொல்லவில்லை. ஃபைலுக்கு எவரும் திறந்து பார்க்கத் தோன்றாத பெயராக வைத்தேன்.

தினமும் காலையில் முதல் வேலை அதைப் படிப்பது. படங்கள் ஃபோல்டரில் அவள் பெயர். மறுநாளும் படங்கள். அதற்கு மறுநாளும் படங்கள். அவள் மேல் தப்பில்லை என்று அது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்றே நினைத்தேன்.

மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருந்தபோது, ஆட்டக்காரர்கள் குறை சொல்வதற்காக வைத்திருந்த பொது அஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘ஆறு மணிக்கு எங்க முத்துப்பேட்டையில தினம் கரண்ட் போகுது. அரை மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா? எட்டாம் ஊர்.’

அச்செடுத்து அவள் மேஜையில் வைத்தேன்.

படித்தாள். காதுவரை சிவந்துவிட்டது. "அட, எங்க ஊரா!" என்றாள். அவளுக்கு நடிக்க வராது.

"தெரியாதா உனக்கு?"

"எங்க ஊர்ல எத்தனையோ பேர். எல்லாரையும் எனக்குத் தெரியுமாக்கும்?" என்று நாரையிடம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அவள் விடுதிக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் ஃபோல்டரைத் திறந்தேன். வாக்குறுதி ஞாபகம் இல்லாமலில்லை. ஒரு தடவை, ஒரு ஃபைல் மட்டும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். எட்டாம் ஊரின் ஸ்கிரிப்ட் மூன்றே வரி.

வாய்க்கால் 1க்கு மேல் என்றால் மடை திற.
வடிகால் 1க்கு மேல் என்றால் வடிகால் மறி.
வயல் 4க்கு மேல் என்றால் வடிகால் விடு.

இரண்டாம் வரியில் நின்றேன். வடிகால் என்பது வயலில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி. மழையில் பயிர் அழுகாமல் இருக்க ‘வடிகால் விடு’ வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லையே சேர்த்திருந்தேன். மறிப்பது வாய்க்காலை. கையேட்டில் நான் கொடுத்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் வாய்க்கால்தான். ஆனால் நிரலில் ‘மறி’யை ஒரே ஒரு முறை, எந்த இடத்தின் பெயர் வந்தாலும் வேலை செய்யும்படி பொதுவாக எழுதியிருந்தேன். சோம்பல்தான். வடிகாலை மறித்தால் மேலே ஏழு ஊரும் கழித்துவிட்ட தண்ணீர் எட்டாம் ஊரின் வயலில் ஏறும். மடைப் பத்தியில் பூஜ்யம்தான் இருக்கும்.

எண்ணை யாரும் மாற்றவில்லை. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. இந்த ஓட்டை என் நிரலைப் படித்தவருக்குத்தான் தெரியும். என் நிரலைப் படிக்க முடிந்த இன்னொருத்தி முத்துப்பேட்டைக்காரி. எட்டாம் ஊரும் முத்துப்பேட்டை.

நோட்டில் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று எழுதினேன். ஒன்பது கேள்விகள். அறையில் கேட்டால் மழுப்புவாள். அவள் ஊரில் வைத்துக் கேட்க வேண்டும். கடைமடை வாய்க்காலைப் படம் வரையப் பார்க்க வேண்டாமா, வரும் சனிக்கிழமை உன்னோடு வருகிறேன் என்றேன்.

"நிஜமாவா? உம்மா பிரியாணி போடாம விடாது" என்று குதித்தாள். பிறகு ஒரு கணம் யோசித்தாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

பஸ் ஒரத்தநாட்டைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தாள். பட்டுக்கோட்டையில் பஸ் மாறியதும் அமைதியாகிவிட்டாள். முத்துப்பேட்டை வர ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே, "ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"எட்டாம் ஊர் எங்க லாத்தா."

லாத்தா என்பது அவளுடைய அக்கா. கணவர் துபாயில் இருக்கிறார். இங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்ப்பது அக்காதான்.

"எட்டாம் ஊர்னு கேட்டதும் மூணு பேரு கழண்டுக்கிட்டாங்கடி. கடைமடையா, வேற ஊர் குடுங்கன்றாங்க. நீ தேதி வச்சுட்டே. சொந்தக்காரங்க கூடாதுன்னும் சொல்லிட்டே. நான் என்ன பண்ண?"

என் ஒன்பது கேள்விகளில் நாலுக்கு நான் கேட்காமலே அவள் பதில் சொல்லியிருந்தாள். ஐந்தாவதைக் கேட்டேன். "அவங்களுக்கு நீ என்ன சொல்லிக் குடுத்தே?"

"போன்ல எப்படி டைப் அடிக்கிறதுன்னு."

"வேற?"

"வேற என்ன?" திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கலாம். வாசலிலேயே, "வாங்க, வாங்க. நீங்கதான் ஆறு மணிக்காரவங்களா? கரண்ட்டுக்கு ஒரு வழி பண்ணீங்களா?" என்று வரவேற்றார். சாப்பாடு முடிந்ததும் வயல் பக்கம் கூட்டிப்போனார். தோழி படம் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இதுதான் நேரம் என்று கேட்டேன்.

"அக்கா, கையேட்டுல எந்தப் பக்கத்துல உங்களுக்கு வழி கெடைச்சுச்சு? ஜெயிக்கிறதுக்கு?"

"கையேடா? அது எங்கங்க படிச்சேன். இருபது பக்கம் இருக்கு. மேல வார்த்தைப் பட்டியல் மட்டும் பாத்தேன். வடிகால்னு இருந்துச்சு. மறின்னு இருந்துச்சு. போட்டேன்."

"வடிகாலை எதுக்கு மறிக்கணும்னு தோணுச்சு?"

அவர் நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த ஊரு?"

"திருவையாறு பக்கம்."

"அதானே!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். "ஏய், இங்க வாடி. உன் ஃப்ரெண்டு தலைமடையாம். வடிகாலை எதுக்கு மறிக்கணும்ங்குது!"

கரையேறியதும் காட்டினார். ஒரு அகலமான வடிகால். அதன் குறுக்கே மணல் மூட்டைகள், இடுக்கில் தென்னமட்டை, மேலே சேறு. மூட்டைகளுக்கு மேல் பக்கம் தண்ணீர் தளும்பி, பக்கவாட்டில் வெட்டிய ஒரு வாய் வழியாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளிப் பாசன வாய்க்கால் இருந்தது. அதன் அடிமண் வெடித்திருந்தது.

"அதுல எப்பவாச்சும்தான் வரும். மேல உள்ளவங்க களை எடுக்க வடிப்பாங்க, உரம் போட வடிப்பாங்க. வேண்டாம்னு விட்டாத்தானே எங்களுக்குத் தண்ணி. உங்க ஊரு கழிச்ச தண்ணிலதாங்க நாங்க நாத்து விடுறோம். உப்பு ஏறாம பாத்துக்கணும், அதிகமானா தொறந்து விடணும், அவ்வளவுதான். விளையாட்டுல உப்பு இல்லையே, ரொம்ப சுளுவா இருந்துச்சு."

எங்கள் ஊருக்கு ஆறு திறந்த மறுநாளே தண்ணீர் வந்துவிடும். வடிகால் என்பது வயலுக்குப் பின்னால், கொல்லைப்புறம் மாதிரி. அது எங்கே போய்ச் சேருகிறது என்று நான் யோசித்ததில்லை. அறிக்கையில் அதற்கு ஒரு பத்தி போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தப் பத்தி இருந்திருந்தால் முதல் பருவத்திலேயே எல்லாம் விளங்கியிருக்கும். ஓட்டை என்று நான் நினைத்தது இந்த ஊருக்குத் தினசரி வேலை.

தோழி கேமராவைத் தாழ்த்தினாள். "அது சரி," என்றாள் என்னிடம், "லாத்தா வடிகால் மறிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா மூட்டையிலிருந்து நழுவிய மட்டையைக் காலால் தள்ளிச் சரிசெய்தார்.

திரும்பும்போது, பட்டுக்கோட்டையில் ஏறிய தஞ்சாவூர் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலைப் பற்றிச் சொல்லும்போது அவள் கையை நீட்டினாள். என் போனில் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகத் தள்ளிப் படித்தாள். படங்கள், படங்கள், படங்கள். மூன்று வாரத்தில் ஸ்கிரிப்ட் ஃபோல்டரைத் திறந்த வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மதியம் ஒன்று பத்து. அதில் என் பெயர்.

"நான் பொய் சொன்னேன். அது தப்பு" என்றாள். "நீ பண்ணினது என்ன வகைன்னு உன் நோட்டுலயே எழுதிக்க."

ஒரத்தநாட்டில் கூட்டம் ஏறியது. எழுந்து ஒரு கிழவருக்கு இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை அவள் அறைக்கு வருவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தாள். ஃபைலை நீக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இருக்கட்டும். பேரை மட்டும் பாத்தாப் புரியுற மாதிரி மாத்து. தினம் நானும் படிக்கிறேன்" என்றாள். அக்காவுக்கு நானே போன் செய்து, ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பாத்தா பாத்துட்டுப் போங்க. ஏழாம் ஊர்க்காரங்களுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் அவர்.

நான் சொல்லவில்லை. கையேட்டிலும் சேர்க்கவில்லை. அறிக்கையில் வடிகாலுக்கு ஒரு பத்தி போடலாமா என்று இருவரும் பேசி, இந்தச் சோதனை முடியட்டும் என்று விட்டோம்.

நாலாம் பருவத்தின் ஐந்தாம் மாலையில் எட்டாம் ஊரின் வயல் காய்ந்தது. மறுநாளும் காய்ந்தது. ஏழாம் ஊரில் மடையில் பூஜ்யம் இருந்த நாளில் வயலில் மூன்று நின்றது. ஆறு ஐந்துக்குத் தோழியின் போன் அடித்தது. அவள் படிக்கட்டுக்குப் போகவில்லை. ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"அந்தத் தலைமடைப் புள்ள பக்கத்துல இருக்கா?" என்றார் அக்கா. "அவங்கள ஒண்ணு கேக்கணும்."

"இருக்கேன்க்கா. நான் சொல்லலை."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேங்க."

தோழி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஏழாம் ஊர்க்காரருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்று மாலையே நோட்டில் எழுதினேன். எல்லா ஊர் அறிக்கையும் எல்லோருக்கும் போகிறது, பூஜ்யத்தையும் மூன்றையும் பார்த்து அவரே ஊகித்திருக்கலாம். அவரும் கடைமடைப் பக்கத்துக்காரராக இருக்கலாம். தற்செயலாகவும் எழுதியிருக்கலாம். அவருடைய ஸ்கிரிப்டைத் திறந்தால் ஓரளவு தெரியும். திறக்கவில்லை. ஃபைல் இருக்கிறது, காலையில் அவள் படிப்பாள்.

நோட்டை அவள் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கினாள். பட்டியலின் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.